தாதியர் தேர்வு: "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எப்படி விடை எழுதுவது?



எஸ்.பி.எம். முடித்த கையோடு தாதியர் டிப்ளோமாவில் சேரும் நம் பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் படித்து, இறுதியில் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வை எழுதுகிறார்கள். 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி, அந்த வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் இந்நாட்டில் தாதியாகப் பணியாற்ற முடியும். ஆகவே இந்தத் தேர்வு சான்றிதழுக்கான தேர்வு மட்டுமல்ல. ஒரு நோயாளியை உங்கள் கையில் ஒப்படைக்கலாமா என்று பார்க்கும் தேர்வு.

மாணவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: "பாடமெல்லாம் தெரியும் டீச்சர். ஆனா கேள்வியைப் பார்த்தா நாலு விடையுமே சரி மாதிரி தெரியுது."

அவர்கள் சொல்வது உண்மை. நான்கு விடைகளும் பெரும்பாலும் ஒரு தாதி செய்யக்கூடிய வேலைகளாகத்தான் இருக்கும். கேள்வி கேட்பது வேலையை அல்ல, வரிசையை. எது முதலில், எது பிறகு, ஏன்? இந்தக் கட்டுரை அந்த ஒன்றைத்தான் விளக்கப் போகிறது.

1. ஐந்து படிகள்

தாதியரின் வேலைமுறையை நர்சிங் புரோசஸ் என்பார்கள். ஐடா ஜீன் ஓர்லாண்டோ என்ற அமெரிக்கத் தாதி 1961இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டார். இன்று நாம் படிக்கும் ஐந்து படிகள் இவை:

• மதிப்பீடு: பார்த்தல், கேட்டல், தொட்டறிதல், அளத்தல்.
• பிரச்சினையை இனங்காணல்: கிடைத்த தகவல் எதைக் காட்டுகிறது?
• திட்டமிடல்: எந்த நேரத்திற்குள் என்ன மாற்றம் வர வேண்டும்?
• செயல்படுத்தல்: செய்ய வேண்டியதைச் செய்தல்.
• மறுமதிப்பீடு: செய்தது பலன் தந்ததா என்று மீண்டும் பார்த்தல்.

மதிப்பீட்டில் இரண்டு வகைத் தகவல் உண்டு. நோயாளி வாயால் சொல்வது ஒன்று. அது சப்ஜெக்டிவ். "வயிறு வலிக்குது" என்பது அந்த வகை. நாம் அளந்து பார்ப்பது இன்னொன்று. அது ஆப்ஜெக்டிவ். நாடித்துடிப்பு 112 என்பது இந்த வகை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் மாணவர்கள் வலியில்தான் தடுமாறுவார்கள். 10க்கு 7 என்று நோயாளி எண்ணாகச் சொன்னாலும் அது அவர் சொன்னதுதான். எனவே அது சப்ஜெக்டிவ்.

2. எண்கள்: மனப்பாடம் செய்யுங்கள், அதோடு காரணத்தையும் படியுங்கள்

வளர்ந்தவர்களுக்கான இயல்பு அளவுகள்:

• உடல் வெப்பம்: ஏறக்குறைய 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்
• நாடித்துடிப்பு: நிமிடத்திற்கு 60 முதல் 100
• சுவாசம்: நிமிடத்திற்கு 12 முதல் 20
• இரத்த அழுத்தம்: 120/80ஐ ஒட்டி
• இரத்த ஆக்சிஜன் அளவு: 95 முதல் 100 விழுக்காடு

பிறந்த குழந்தைக்குச் சுவாசம் 30 முதல் 60 வரை இருக்கலாம். அதனால் எண்ணைப் பார்க்கும் முன் வயதைப் பாருங்கள்.

எண் மட்டும் தெரிந்தால் போதாது. அது எப்படித் தவறாகக் காட்டும் என்பதும் தேர்வில் வரும். நோயாளி இப்போதுதான் சூடாகத் தே தாரேக் குடித்தார் என்றால் வாய்வழி வெப்பம் பார்க்க 15 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். கைப்பட்டை சிறியதாக இருந்தால் இரத்த அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிஜன் அளவு சரியாக வராமல் போகலாம். "இப்போ மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்த்த கையை விடாமலேயே மூச்சை எண்ணுவார்கள்.

3. ஒரு நோயாளி, ஐந்து படிகள்

நம் நாட்டு வார்டுகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய நோய் டிங்கி காய்ச்சல். அதையே எடுத்துக்கொள்வோம். இது பயிற்சிக்காக அமைத்த கேள்வி.

28 வயது ஆண். எடை 60 கிலோ. காய்ச்சல் தொடங்கி இன்று ஐந்தாம் நாள். நேற்று வெப்பம் 39 டிகிரி, இன்று 37.2. நாடி 112. இரத்த அழுத்தம் 100/82. சுவாசம் 22. ஆக்சிஜன் 98 விழுக்காடு. கடந்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 60 மில்லிலிட்டர். அவர் சொல்கிறார்: "காய்ச்சல் விட்டுடுச்சு மிஸி. வயிறுதான் வலிக்குது, எழுந்தா தலை சுத்துது. வீட்டுக்குப் போகலாமா?"

மதிப்பீடு. வெப்பம் இறங்கியதைப் பார்த்தவுடன் "தேறிவிட்டார்" என்று எழுதத் தோன்றும். இங்கேதான் கண்ணி இருக்கிறது. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் காலமே ஆபத்தான காலமாக மாறலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இது வரும். அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது. குழாய்க்குள் திரவம் குறைய, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதனால்தான் நாடி 112.

இரத்த அழுத்தத்தில் மேல் எண் 100. பார்ப்பதற்குப் பரவாயில்லை போலத் தெரியும். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள்: 18. இதைப் பல்ஸ் பிரஷர் என்பார்கள். டிங்கி நோயாளியிடம் இது 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் ஷாக் நிலைக்கான அறிகுறி. மேல் எண் விழும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

அடுத்தது சிறுநீர். வளர்ந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 0.5 மில்லிலிட்டர் வர வேண்டும். 60 கிலோவுக்கு மணிக்கு 30, நான்கு மணி நேரத்திற்கு 120. இவருக்கு வந்திருப்பது பாதிதான்.

வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், அதிகச் சோர்வு ஆகியவை டிங்கியின் எச்சரிக்கை அறிகுறிகள். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் வேகமாகக் குறைந்து ஹெமட்டோகிரிட் ஏறினால் அதுவும் எச்சரிக்கை. ஹெமட்டோகிரிட் ஏன் ஏறுகிறது? திரவம் கசிந்து இரத்தம் கெட்டியாவதால். குழம்பில் தண்ணீர் வற்றினால் கெட்டியாவதுபோல என்று மாணவர்களிடம் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

பிரச்சினையை இனங்காணல். இங்கே "டிங்கி" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அது மருத்துவர் கண்டறியும் நோய். தாதி எழுத வேண்டியது நோயாளியின் நிலையை. பிரச்சினை, காரணம், சான்று என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்: "பிளாஸ்மா கசிவின் காரணமாக உடல் திரவக் குறைவு. சான்று: நாடி 112, பல்ஸ் பிரஷர் 18, நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 60 மில்லிலிட்டர், எழும்போது தலைசுற்றல்."

திட்டமிடல். "நோயாளி நலமடைவார்" என்பது திட்டமல்ல, வாழ்த்து. அளக்கக்கூடியதாக எழுதுங்கள்: "அடுத்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாமல் வரும். நாடி 100க்குக் கீழ் இறங்கும்."

செயல்படுத்தல். மருத்துவருக்கு உடனே தெரிவித்தல். அவர் உத்தரவுப்படி சிரை வழித் திரவம் கொடுத்தல். உயிர்க்குறிகளை அடிக்கடி பார்த்தல். உட்கொண்டதும் வெளியேறியதும் அளவுப் பட்டியலில் எழுதுதல். இரத்தக் கசிவு இருக்கிறதா என்று தோல், ஈறு, மலம் ஆகியவற்றைக் கவனித்தல். தலை சுற்றுவதால் தனியாக எழ வேண்டாம் என்று சொல்லி, கட்டில் கம்பியை உயர்த்தி, அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல். தசை ஊசியும் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற மருந்துகளும் இவருக்கு ஆகாது. காரணம் இரத்தக் கசிவு அபாயம். வீட்டில் பப்பாளி இலைச் சாறு குடித்தாரா, வேறு மாத்திரை எடுத்தாரா என்றும் கேளுங்கள். திட்டுகிற தொனியில் கேட்டால் உண்மை வராது. சாதாரணமாகக் கேட்டு, பதிவு செய்யுங்கள்.

மறுமதிப்பீடு. திட்டத்தில் எழுதிய எண்களோடு இப்போதைய எண்களை ஒப்பிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கசிவு நின்றபின், கசிந்த திரவம் மீண்டும் இரத்தக் குழாய்க்குள் திரும்பும். அப்போதும் திரவம் அதிகமாக ஏறிக்கொண்டிருந்தால் மூச்சுத் திணறல் வரலாம். குறைவு எப்படி ஆபத்தோ அப்படியே அதிகமும் ஆபத்து.

இந்த ஒரு நோயாளியைச் சரியாகப் புரிந்துகொண்டால் எந்தக் கேள்விக்கும் அடிப்படை கிடைத்துவிடும். ஓர் எண் நல்லதாக மாறியதை வைத்து ஆள் தேறிவிட்டார் என்று முடிவு செய்யக்கூடாது. எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. எப்போதும் மதிப்பீடுதான் முதலா?

"சந்தேகம் வந்தால் மதிப்பீட்டையே தேர்ந்தெடு" என்று பல மாணவர்கள் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பாதி நேரம் அது உதவும், மீதி நேரம் கவிழ்த்துவிடும். கேள்வியை இப்படிப் படியுங்கள்:

தேவையான தகவல் கேள்வியில் இல்லையா? அப்படியானால் மதிப்பீடு முதலில். ஆபத்தைக் காட்டும் தகவல் கேள்வியிலேயே இருக்கிறதா? அப்படியானால் செயல் முதலில்.

"அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளி வலிக்கிறது என்கிறார்." வலி எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று ஒன்றும் தெரியாது. முதலில் கேளுங்கள், பாருங்கள், பிறகு மருந்து.

"ஆக்சிஜன் 84 விழுக்காடு, உதடு நீலம்." இங்கே மதிப்பீடு முடிந்துவிட்டது. மறுபடியும் அளந்துகொண்டிருந்தால் நோயாளி தாங்க மாட்டார். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

பல நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டால் சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை கைகொடுக்கும். அதற்குப் பிறகுதான் வலி, உணவு, மனக்கவலை. மனக்கவலை முக்கியமல்ல என்று பொருளில்லை. மூச்சு நின்றால் மற்றதற்கு நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

5. கை கழுவுதலும் மருந்தும்

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கைத்தூய்மையின் ஐந்து தருணங்களை "முன் இரண்டு, பின் மூன்று" என்று நினைவில் வையுங்கள். நோயாளியைத் தொடும் முன், தூய்மையான செயல்முறைக்கு முன். உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். கட்டிலையும் மேசையையும் மட்டும்தான் தொட்டேன் என்றாலும் கைத்தூய்மை தேவை. கையுறை போட்டிருந்தேன் என்பதும் காரணமாகாது. ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் நீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான்.

மருந்து கொடுக்கும்போது சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கொடுத்த பின் சரியான பதிவு. கொடுக்கும் முன்பே பதிவு செய்வது தவறு. நோயாளி வாந்தி எடுக்கலாம், வேண்டாம் என்று மறுக்கலாம். "நீங்கதான் முத்துவா?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள்.

கணக்குக்கு இரண்டு சூத்திரம் போதும்.

முதலாவது: தேவையான அளவு ÷ கையிருப்பு அளவு × திரவ அளவு. எடுத்துக்காட்டு: 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். மொத்தம் 180 மில்லிகிராம். மருந்துப் புட்டியில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம். 180 ÷ 120 × 5 = 7.5 மில்லிலிட்டர்.

இரண்டாவது: மொத்தத் திரவம் × சொட்டுக் காரணி ÷ நிமிடங்கள். 500 மில்லிலிட்டர், 4 மணி நேரம், சொட்டுக் காரணி 20. 500 × 20 ÷ 240 = 41.67. நிமிடத்திற்கு 42 சொட்டு.

விடை வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, "இது நடக்கிற காரியமா?" என்று கேளுங்கள். மணியை நிமிடமாக மாற்ற மறந்தால் 2500 சொட்டு என்று வரும். ஒரு நிமிடத்தில் 2500 சொட்டு விழுமா? இந்தச் சின்னக் கேள்வியே பெரிய தவறைப் பிடித்துவிடும்.

6. ஆசிரியர்களுக்கு: மூன்று பத்தி நோட்டு

தேர்வு ஆங்கிலத்திலும் மலாயிலும் புழங்கும் சொற்களோடு வரும். நோயாளியோ தமிழில் பேசுவார். நம் மாணவர்களுக்கு இது சுமையல்ல, பலம். அந்தப் பலத்தை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது ஆசிரியர்கள் செய்யக்கூடிய உதவி. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: நோயாளி சொல்வது, அதைத் தெளிவாக்க நாம் கேட்க வேண்டியது, தேர்வில் வரும் சொல்.

• "தலை சுத்துது" – "ரூமே சுத்துற மாதிரி இருக்கா, இல்ல எழுந்தா மட்டும் தள்ளாடுதா?" – வெர்டிகோ அல்லது டிஸினெஸ்
• "மூச்சு வாங்குது" – "நடந்தாலா, சும்மா படுத்திருந்தாலுமா?" – டிஸ்பினியா
• "நீர் கடுப்பா இருக்கு" – "எரிச்சல் எப்போ, காய்ச்சல் உண்டா?" – டிஸ்யூரியா
• "மயக்கமா இருக்கு" – "நினைவு தப்பிடுச்சா, இல்ல கிறுகிறுப்பு மட்டுமா?" – சின்கோபி அல்லது டிஸினெஸ்

கடைசி வரியைப் பாருங்கள். தமிழில் ஒரே சொல், மருத்துவத்தில் இரண்டு வேறு நிலைகள். தமிழ் தெரிந்த தாதிதான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பார்.

சொற்களை உடைத்துப் படிக்கவும் பழக்குங்கள். டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு. பினியா சுவாசம், கார்டியா இதயம். ஆக, டாக்கிபினியா வேகமான சுவாசம், பிராடிகார்டியா மெதுவான இதயத்துடிப்பு. ஹைப்போ குறைவு, ஹைப்பர் அதிகம். இந்த இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், ஆனால் சிகிச்சை நேர் எதிர். ஹைப்போகிளைசீமியாவுக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும், ஹைப்பர்கிளைசீமியாவுக்குக் கொடுக்கக்கூடாது. வகுப்பில் உரக்கச் சொல்லிப் பழகட்டும்.

கேள்வியில் "முதலில்", "மிக முக்கியமான", "தவிர" போன்ற சொற்களுக்குக் கீழே கோடு போடவும் சொல்லுங்கள். மலாயில் கெச்சுவாலி என்று வந்தால் "தவிர" என்று பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் தெரிந்த விடையும் தவறாகும்.

7. பயிற்சி

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

கேள்வி 1. இரத்தம் ஏற்றத் தொடங்கி 15 நிமிடத்தில் நோயாளிக்கு நடுக்கம், முதுகு வலி. முதலில் என்ன செய்வீர்கள்?
விடை: இரத்தம் ஏற்றுவதை நிறுத்துங்கள். மருத்துவரைக் கூப்பிடுவதும் உயிர்க்குறி பார்ப்பதும் அடுத்தது. நிறுத்தாமல் கூப்பிடப் போனால் ஒவ்வொரு சொட்டும் தீங்கு சேர்க்கும். ஊசியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். புதிய குழாயில் நார்மல் சலைன் விட்டுச் சிரை வழியைத் திறந்தே வையுங்கள்.

கேள்வி 2. யாரை முதலில் பார்ப்பீர்கள்? அ) வலி 10க்கு 6 என்பவர். ஆ) சாப்பாட்டுக்கு முன் இன்சுலினுக்குக் காத்திருப்பவர். இ) காலையில் சத்தமாக வீசிங் இருந்து, இப்போது சத்தம் நின்று தூங்கி வழியும் ஆஸ்துமா நோயாளி. ஈ) வீட்டுக்குப் போகத் தயாராக இருப்பவர்.
விடை: இ. சத்தம் நின்றதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றே போகாததால் சத்தம் நின்றிருக்கலாம். தூக்கக் கலக்கம் ஆக்சிஜன் குறைவையோ கார்பன் டை ஆக்சைடு தேங்குவதையோ காட்டலாம். டிங்கி நோயாளியின் காய்ச்சல் இறங்கியதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி 3. நீரிழிவு நோயாளிக்கு வியர்வை, கை நடுக்கம். நல்ல நினைவோடு இருக்கிறார். சர்க்கரை 3.1 மில்லிமோல்.
விடை: தகவல் கையில் இருக்கிறது, செயல்தான் முதலில். விரைவாகச் சேரும் சர்க்கரை 15 கிராம் வாய்வழியாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவில்லாதவராக இருந்தால் வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கேள்வி 4. வயதான பாட்டி கழிவறையில் விழுந்து கிடக்கிறார். "தூக்கி விடும்மா" என்கிறார்.
விடை: அங்கேயே மதிப்பீடு. நினைவு, மூச்சு, தலைக்காயம், இடுப்பு, கால் ஆகியவற்றைப் பாருங்கள். எலும்பு முறிந்திருந்தால் அவசரமாகத் தூக்குவது நிலைமையை மோசமாக்கும். "இதோ பக்கத்துலயே இருக்கேன் பாட்டி, பார்த்துட்டுத் தூக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே பார்க்கலாம்.

நான்கையும் சரியாகச் செய்தீர்களா? விடை சரியாக இருந்தாலும் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். காரணம் எழுத வந்தால்தான் பாடம் உங்களுடையது. நண்பர்களோடு படிக்கும்போது ஒருவர் நோயாளியாகத் தமிழில் பேசட்டும், மற்றவர் தாதியாகக் கேள்வி கேட்டு ஐந்து படிகளையும் எழுதட்டும். வாரத்திற்கு இரண்டு நோயாளி என்று பழகினால், தேர்வு அறையில் நான்கு விடையும் சரி மாதிரி தெரியும்போது கை தடுமாறாது.

தேர்வு எழுதும் அனைவருக்கும் வாழ்த்துகள். நன்றாகப் படியுங்கள். நாளை உங்கள் வார்டில் படுத்திருப்பவர் உங்களை நம்பித்தான் கண்மூடுவார்.